வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டும் முன்னால்...
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது முடித்ததும் கல்யாணம், அப்புறம் வீடு, பிள்ளைகள், மாடு என்று இருந்தவள். குழுவில் சேர்ந்த பிறகுதான் பேங்க்குக்கே போனேன். "உங்க குழு வண்டி கதையைச் சொல்லு, எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்"னு தலைவி அக்கா சொன்னதால் நிற்கிறேன். ஜெயித்த கதையைச் சொல்லத்தான் எல்லாரும் மேடைக்கு வருவார்கள். நான் எங்கள் குழு ஏமாந்த கதையைச் சொல்லப் போகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் குழு சத்துமாவு, கம்பு மாவு, இட்லிப் பொடி, வடகம் செய்வது உங்களுக்குத் தெரியும். முதலில் பையில் கட்டி பஸ்ஸில்தான் கொண்டு போனோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார், மாவு மூட்டை மேலே யாராவது உட்காருவார்கள். அதனால் கடன் வாங்கி, பழைய குட்டி யானை ஒன்று வாங்கினோம். வெள்ளை வண்டி, ஐந்து வருஷம் ஓடியது. எங்கள் குழுவிலேயே ஒரு தங்கச்சி லைசென்ஸ் எடுத்து, அவளே ஓட்டுகிறாள். அவள் முதல் நாள் வண்டியை ஊருக்குள் ஓட்டி வந்தபோது நாங்கள் ஆரத்தி எடுத்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

அடுத்த வாரம் ஒருவர் வந்தார். டவுனில் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவர். "வண்டி வெறும் வெள்ளையா இருந்தா யாருக்கு உங்க மாவு தெரியும்? முழு வண்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிடுவோம், ஓடற விளம்பரப் பலகை மாதிரி இருக்கும்"னு சொன்னார். 14,000 ரூபாய் கேட்டார். நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு அனுமதி எதாவது வாங்கணுமாண்ணா?" அவர் சிரித்தார். "சின்ன வண்டிக்குப் பர்மிட்டே கிடையாதுக்கா. வண்டிக்கே பர்மிட் வேணாங்கறப்போ ஸ்டிக்கருக்கு என்ன பர்மிட்?"

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. அன்றைக்குத் தலைவி அக்கா ஊரில் இல்லை. செக்கில் கையெழுத்துப் போட்டது நானும் இன்னொரு பிரதிநிதியும். தீர்மானப் புத்தகத்தில் "அப்புறம் எழுதிக்கலாம்"னு விட்டோம். இதுதான் முதல் தப்பு.

மூன்று நாளில் வண்டி வந்தது. அடையாளமே தெரியவில்லை. முழுக்கப் பச்சை. முன்னாடி, பின்னாடி, கதவு, பாடி எல்லாம் பச்சை. பக்கத்தில் பெரிய கம்பங்கதிர், கையில் கஞ்சி டம்ளரோடு ஒரு பாட்டி படம். கீழே கொட்டை எழுத்தில் "சர்க்கரை நோயைக் குணமாக்கும் கம்பு மாவு". மேலே ஒரு மூலையில் கோபுரம் போட்ட அரசு சின்னம். "கவர்மென்ட் குழுன்னா ஜனங்க நம்புவாங்கக்கா, அதனால சேர்த்துட்டேன்"னு அவரே சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். வண்டி முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

ஒன்பதாவது நாள், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கண்காட்சி. காலையில் நாலு மணிக்கு எழுந்து, மாவு பாக்கெட் எல்லாம் ஏற்றி, நானும் வண்டி ஓட்டுகிற தங்கச்சியும் கிளம்பினோம். பைபாஸில் வண்டிச் சோதனை. ஆர்.சி. கேட்டார்கள், கொடுத்தோம். பார்த்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார் அதிகாரி. "ஆர்.சி.ல வெள்ளைன்னு இருக்கு. இது எந்த வண்டிம்மா?"னு கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "இதே வண்டிதான் சார், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம்"னு சொன்னேன். திருட்டு வண்டிகளுக்கு நிறம் மாற்றித்தான் ஓட்டுவார்களாம். அதனால் சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தத் தங்கச்சி ஸ்டியரிங் மேலே கையை வைத்தபடி அழுதாள். "திருட்டு வண்டின்னு நினைச்சுட்டாங்களேக்கா"ன்னு அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். அபராதம் 500 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 வரைக்கும், மறுபடி மாட்டினால் 1,500 வரைக்கும் போடலாம். எங்களுக்கு வலித்தது அபராதம் இல்லை. கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் மேசையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏற்றிக்கொண்டு போன மாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தோம்.

அன்றைக்குச் சாயந்திரம் குழுக் கூட்டம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு அக்கா மெதுவாகக் கேட்டாங்க, "தீர்மானத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"ன்னு. எழுதவே இல்லையே! நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர், "பொம்பளைங்க வண்டி வாங்கினா இப்படித்தான்"னு சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வைத்தது.

மறுநாள் நாங்கள் மூன்று பேர் போனோம். வாசலிலேயே புரோக்கர் பிடித்துக்கொண்டார். "3,000 கொடுங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்"னார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் உள்ளே போய், வரிசையில் நின்று, பிரேக் இன்ஸ்பெக்டரையே பார்த்தோம். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். அவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்து, நின்றபடியே கால் மணி நேரம் விளக்கினார். அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் விஷயம். "பர்மிட் வேண்டாம்" என்பதும் "அனுமதி வேண்டாம்" என்பதும் ஒன்று இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று சட்டத்தில் 66-ஆவது பிரிவில் இருக்கிறது. அது உண்மை. ஸ்டிக்கர் கடைக்காரர் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பர்மிட் வண்டியைச் சரக்கு வண்டியாக ஓட்டுவதற்கு. வண்டி என்ன நிறத்தில் இருக்கணும், அதில் என்ன எழுதலாம் என்பது வேறு. ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக பேங்க் பாஸ்புக் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அது மாதிரி.

இரண்டாவது, நிறம். ஆர்.சி.யில் எழுதியிருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் நிறமும் ஒரு விவரம். பெயிண்ட் அடித்தால்தான் மாற்றம் என்று நாம் நினைக்கிறோம். முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி வெள்ளையே தெரியாமல் போனால், சோதனை செய்கிறவருக்கு அதுவும் நிற மாற்றம்தான். முழுசாக நிறத்தை மாற்றணும் என்றால் முதலில் ஆபீஸில் மனு கொடுத்து, ஆர்.சி.யில் பதிய வைத்து, அப்புறம்தான் மாற்றணும்.

மூன்றாவது, விளம்பரம். சட்டத்தில் 96-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடகை வண்டி, சரக்கு வண்டி, பஸ் இவற்றுக்கு எப்படி வர்ணம் அடிக்கலாம், எந்த விளம்பரம் வைக்கலாம் என்று விதி போட மாநில அரசுக்கு அதில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். தபால் வண்டி மாதிரி தோன்றும்படி வேறு வண்டிக்கு வர்ணம் அடிக்கக் கூடாது என்று தடுக்கலாம் என்றுகூட அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது. பார்க்கிறவர்கள் ஏமாறக் கூடாது, அதுதான் விஷயம். மாநிலம் போடுகிற விதி என்பதால் கேரளாவில் ஒரு மாதிரி, கர்நாடகாவில் ஒரு மாதிரி, நம்ம ஊரில் ஒரு மாதிரி இருக்கும். "அந்த ஊர்ல ஒட்டியிருக்காங்களே"ன்னு பார்த்துவிட்டு நாம் ஒட்டக் கூடாது. நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கணும்.

நாலாவது, மறைக்கக் கூடாதவை. எங்கள் வண்டியின் பின்பக்கம் சிவப்பாக மின்னுகிற ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தது. அழகுக்காக அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இருட்டில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நம்ம வண்டி நிற்பது அந்தப் பட்டையால்தான் தெரியும். கேபினுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியை மூடியிருந்தார்கள். இடது பக்கம் எழுதியிருந்த உரிமையாளர் பெயர், எடை, எஃப்.சி. தேதி எல்லாம் பச்சைக்குள் போய்விட்டது. அடுத்த மாதம் எஃப்.சி. காட்டணும். எட்டு வருஷம் ஆகாத வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். "இப்படியே கொண்டு வந்தா எஃப்.சி. ஆகாதும்மா"ன்னு இன்ஸ்பெக்டர் சொன்னபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. எஃப்.சி. இல்லாமல் வண்டி ஓடக் கூடாது. வண்டி ஓடாவிட்டால் கடன் தவணை எப்படிக் கட்டுவது?

இதெல்லாம் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று எனக்கும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 2012-இல் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியணும், பெண்களுக்கும் பாதுகாப்பு என்றுதான் அந்த வழக்கில் பேசினார்கள். 2022 அக்டோபரில் பாலக்காடு பக்கம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள் வண்டி கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் செத்துப் போனார்கள். அதற்கு ஸ்டிக்கர் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேகத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் அதற்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் வண்டிகளில் கண்ணைப் பறிக்கிற படம், லைட் எல்லாவற்றையும் கையில் எடுத்தது. அரசு பஸ்ஸிலேயே விளம்பரம் கூடாது என்றது. அந்தப் போக்குவரத்துக் கழகம் உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் தடை வாங்கியது. அரசு பஸ்ஸே கோர்ட் வரைக்கும் போன விஷயம் இது. நாம் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஒட்டிவிட்டோம். நம்ம சென்னையிலும் 2024 மே மாதத்தில் இருந்து வண்டியில் "போலீஸ்", "பிரஸ்", "டாக்டர்" என்று இஷ்டத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்குப் போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போட ஆரம்பித்தது.

அந்த இன்ஸ்பெக்டர் கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. "நிறம், பட்டை எல்லாம் என் வேலை. ஆனா இந்த எழுத்தை முதல்ல எடுங்கம்மா"ன்னு "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்ற வரியைக் காட்டினார். இன்ன நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அதில் சர்க்கரை நோயும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். 10 லட்சம்! எங்கள் குழுச் சேமிப்பு, வண்டி, வீட்டு மாடு எல்லாம் சேர்த்தாலும் வராது. அரசு சின்னத்தையும் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் போடக் கூடாது, அதற்கும் 1950-இல் இருந்தே சட்டம் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடம், "மாவு சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா பாப்பா?"ன்னு கேட்டாங்க. நான் வியாபார நினைப்பில் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்ஸ்பெக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அது உறைத்தது. அந்தப் பாட்டி மாத்திரையை நிறுத்தியிருந்தால்? ஆபீஸில் இருந்து வந்ததும் முதல் வேலையாக அவங்க வீட்டுக்குப் போய், "கம்பு உடம்புக்கு நல்லதுதான், ஆனா மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க"ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் என்ன செய்தோம்? புரோக்கரிடம் போகவில்லை. குழுக் கூட்டம் போட்டு, இந்தத் தடவை முதலில் தீர்மானம் எழுதினோம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதினோமே, அதே மாதிரிதான் மனுவும். அனுப்புநர், பெறுநர், பொருள். வண்டி நம்பர், வண்டி யார் பேரில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நீளம் அகலத்தில் என்ன எழுதப் போகிறோம் என்று எழுதி, படத்தையும் தாளில் வரைந்து இணைத்தோம். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், தீர்மான நகல் வைத்தோம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொண்டோம். கட்டச் சொன்ன கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கினோம். மூன்று தடவை நடந்தோம். பொய் சொல்லக் கூடாது, அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பதில் எழுத்தில் வந்தது.

பழைய ஸ்டிக்கரை நாங்களே உரித்தோம். மத்தியான வெயிலில் வண்டியை நிறுத்தினால் பசை இளகும். ஐந்து பேர் உட்கார்ந்து, நகத்தாலும் தேங்காய் எண்ணெய்த் துணியாலும் இரண்டு நாள் உரித்தோம். 14,000 ரூபாய் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. உரிக்கும்போதுதான் எல்லாரும் பழையபடி சிரித்துப் பேச ஆரம்பித்தோம். இப்போது வண்டி வெள்ளைதான். பாடியின் இரண்டு பக்கமும் மட்டும் ஒரு பலகை அளவுக்கு எங்கள் மாவின் பேர், குழுவின் பேர், போன் நம்பர். பட்டை மின்னுகிறது, கண்ணாடி தெரிகிறது. எஃப்.சி. ஒரே நாளில் ஆனது. இப்போது சோதனையில் நிறுத்தினாலும் தங்கச்சி ஃபைலை எடுத்து நீட்டுகிறாள். கை நடுங்குவதில்லை.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். இரண்டு மாதம் முன்னால், வாரக் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனிக்காரர் வந்தார். "உங்க வண்டி எல்லா ஊருக்கும் போகுது, பின்னாடி எங்க விளம்பரம் போட்டுக்கறோம், மாசம் 2,000 தர்றோம்"னார். மாசம் 2,000 என்றால் டீசலில் பாதி வந்துவிடும். கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள். அடுத்தவர் விளம்பரத்தைக் காசு வாங்கி ஒட்டுவதற்கு மறுபடி தனியாக அனுமதி கேட்கணும், கேட்டால் கிடைக்கவும் கிடைக்கலாம். அப்போது ஒரு அக்கா எழுந்து, "ஆபீஸ் அனுமதி கொடுக்கலாம். நாம கொடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. தவணை கட்ட முடியாமல் அதே மாதிரி கம்பெனிக்காரர்கள் வீட்டு வாசலில் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்ததை அந்த அக்கா அனுபவித்தவங்க. நம்ம குழு வண்டி வருகிறது என்று நம்பி வருகிற பெண்ணுக்கு, அதன் முதுகில் அந்தக் கடனையே காட்டுவதா? வேண்டாம் என்று தீர்மானம் எழுதினோம். எதிர்த்துப் பேசியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

இங்கே நிறையப் பேர் வீட்டில் ஆட்டோ, லோடு வண்டி, வேன் இருக்கிறது. சில குழுக்கள் வண்டி வாங்கப் போகிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்:

ஸ்டிக்கர் கடைக்குப் போகும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள்.

ஆர்.சி.யில் என்ன நிறம் என்று முதலில் பாருங்கள். அந்த நிறம் வெளியே தெரியணும்.

நம்பர் பிளேட், கண்ணாடி, லைட், ரிஃப்ளெக்டர் பட்டை, எடை எழுதிய இடம், இதன் மேல் ஒரு விரல் அளவுகூட ஒட்ட விடாதீர்கள்.

நோய் தீரும் என்று எழுதாதீர்கள். அரசு சின்னம் போடாதீர்கள்.

வாயால் சொன்ன அனுமதி அனுமதி இல்லை. முத்திரை போட்ட தாளும் ரசீதும் வண்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதும்போது பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்க விட்டிருந்தால் எங்கள் 14,000 ரூபாய் மிஞ்சியிருக்கும், அந்தத் தங்கச்சியும் ரோட்டில் அழுதிருக்க மாட்டாள்.

வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையைச் சொன்னேனே. போன மாதம் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஆட்டோவில் விளம்பரம் ஒட்டணும் என்று வந்தார். எங்க வீட்டுக்காரர் உள்ளே திரும்பி, "ஏம்மா, அந்த மனு எப்படி எழுதணும்னு இவருக்குக் கொஞ்சம் சொல்லு"ன்னார். காபியைக் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.